முடக்கு வாதமும் மனச்சோர்வும்: முக்கியக் குறிப்புகள்

மூட்டு நோய்களைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களிலும் நாலு வரி இருக்கும். அந்த நோயோடு வாழ்பவரின் மனம் என்ன பாடுபடுகிறது என்பதற்கு அரை வரிகூட இருக்காது. என் அக்காவுக்கு 34 வயதில் முடக்கு வாதம் வந்தது. கூடவே வந்த மனச்சோர்வுக்குப் பெயர் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களுக்காகத் தொகுத்த இந்தக் குறிப்புகளில் அந்த மூன்று ஆண்டுகளும் கலந்திருக்கின்றன.

சொல் குழப்பம் தீர

● ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் = முடக்கு வாதம். ஊர்ப்புறத்தில் 'சரவாங்கி' என்பார்கள். சித்த மருத்துவம் இதை உதிர வாத சுரோணிதம் என்ற நோயோடு ஒப்பிடுகிறது.

● 'கீல்வாதம்' என்ற சொல்லை நூலுக்கு நூல் வேறு பொருளில் எழுதுகிறார்கள். வினாவில் பெயரைப் பார்க்காமல் காரணத்தைப் பாருங்கள். யூரிக் அமிலப் படிகம் என்றால் கவுட். குருத்தெலும்புத் தேய்மானம் என்றால் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். உடலின் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்கினால் முடக்கு வாதம். பக்கவாதம் மூளையின் ரத்த ஓட்டம் சார்ந்தது. இந்த வரிசையில் சேராது.

● மனச்சோர்வு = டிப்ரஷன். மன அழுத்தம் = ஸ்ட்ரெஸ். நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாக எழுதுகின்றன. விடைத்தாளில் நீங்கள் அப்படி எழுத வேண்டாம். மனச்சோர்வு என்று சொல்ல, 9 அறிகுறிகளில் குறைந்தது 5, தொடர்ந்து 2 வாரம் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மனம் தாழ்ந்து கிடப்பதாகவோ, எதிலும் நாட்டம் இல்லாமல் போவதாகவோ இருந்தாக வேண்டும். அழுகை கட்டாய அறிகுறி இல்லை. அக்கா ஒரு நாளும் அழவில்லை. வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். விரல் வலிக்கிறது போலும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

நோயைப் பற்றி

● 1800: பிரெஞ்சு மருத்துவர் லாந்த்ரே-போவே தம் ஆய்வேட்டில் இந்நோயை விவரித்தார். 1859: ஆங்கிலேய மருத்துவர் ஆல்பிரெட் பாரிங் காரட் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயரிட்டார்.

● உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 2019-ல் உலகில் 1.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. சுமார் 70% பெண்கள். 55% பேர் 55 வயதைக் கடந்தவர்கள். மீதி 45% பேர் கடக்காதவர்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். "இது கிழவிகளுக்கு வர்ற நோயாச்சே" என்று இளம்பெண்களிடம் சொல்பவர்களுக்கு அந்த 45% தெரியாது.

● இரு பக்கமும் ஒரே மாதிரி, சிறு மூட்டுகளில் தொடங்குவது வழக்கம்: மணிக்கட்டு, விரல் அடி மூட்டு, நடு மூட்டு. விரல் நுனி மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். காலை இறுக்கம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும்.

● ரத்தப் பரிசோதனை: ருமட்டாய்டு காரணி, ஆன்டி-சிசிபி. இரண்டும் இல்லாமலும் நோய் இருக்கலாம். 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வகுத்த அளவீட்டில் 10-க்கு 6 எடுத்தால் முடக்கு வாதம் என்று வகைப்படுத்துவர்.

● 1950 மருத்துவ நோபல்: பிலிப் ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டல், டடேயஸ் ரைக்ஸ்டைன். கர்ப்பக் காலத்திலும் மஞ்சள் காமாலையின்போதும் மூட்டு வலி தணிவதை ஹெஞ்ச் கவனித்திருந்தார். அந்தத் தடத்தில் போய் 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதே மருந்து சிலருக்கு அளவு மீறிய உற்சாகத்தையும், தூக்கமின்மையையும், மனக் குழப்பத்தையும் தந்ததும் விரைவிலேயே தெரிய வந்தது. ஸ்டீராய்டு எடுப்பவரின் மனநிலை மாற்றத்தை அவருடைய குணக்கேடு என்று நினைப்பது தவறு. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் காலையில் சாப்பிட்ட பின் எடுப்பது தூக்கத்துக்கு நல்லது. தானாக நிறுத்தவே கூடாது.

● மெத்தோட்ரெக்ஸேட்: இன்றும் முதல் வரிசை மருந்து. இதை உருவாக்கிய லெடர்லே ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்ரகடா சுப்பாராவ், பிறப்பு பீமவரம், 1895, படித்தது சென்னை மருத்துவக் கல்லூரி, மறைவு 1948. அமெரிக்காவில் முடக்கு வாதத்துக்கு இம்மருந்து அனுமதி பெற்றது 1988-ல். சுப்பாராவ் அதைப் பார்க்கவில்லை.

● மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை மட்டுமே. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வு கவனத்தையும் நினைவையும் குலைப்பது என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நாள்காட்டியில் ஒரு கிழமையை வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

மனம் எங்கே நுழைகிறது

● 2013-ல் வெளியான தொகுப்பாய்வு, 72 ஆய்வுகளையும் 13,189 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. முழு அளவிலான மனச்சோர்வு நோய் 16.8% பேருக்கு. பிஎச்கியூ-9 வினாத்தாளால் அளந்தபோது 38.8%. இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் அடுத்த குறிப்பில்.

● பிஎச்கியூ-9: 9 வினாக்கள், வினாவுக்கு 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். சோர்வு, தூக்கம், பசி ஆகியவையும் இதில் மதிப்பெண் பெறும். முடக்கு வாதம் தனியாகவே இந்த மூன்றையும் தரும். உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்து, மருத்துவமனை நோயாளிகளுக்கென 1983-ல் வந்தது ஹேட்ஸ் என்னும் 14 வினா அளவுகோல். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "மூட்டு வலிக்கிறவருக்குச் சோர்வு இருக்கத்தானே செய்யும்" என்று மனச்சோர்வை வலியின் கணக்கில் தள்ளிவிடுவது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

● காரணம் வாழ்க்கைத் துயரம் மட்டுமென்று எழுதினால் பாதி மதிப்பெண். அழற்சியின்போது சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் மூளைக்கும் சேதி அனுப்புகின்றன. காய்ச்சல் வந்தால் யாரிடமும் பேசப் பிடிக்காமல், பசியின்றிச் சுருண்டு படுக்கிறோமே, அந்த நிலை இவற்றின் வேலை. காய்ச்சல் நாலு நாளில் போய்விடும். முடக்கு வாதத்தில் அந்தச் சேதி மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. செரட்டோனின் தயாரிக்க வேண்டிய டிரிப்டோஃபேனை அழற்சி வேறு பாதைக்குத் திருப்பிவிடுவதும் ஒரு வழி.

● சான்றுகள்: 2011-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் டிஎன்எஃப் தடுப்பு மருந்து கொடுத்து மூளைப் படம் எடுத்தனர். மூட்டு வீக்கம் வடிவதற்கு முன்பே, 24 மணி நேரத்துக்குள், வலி சார்ந்த மூளைச் செயல்பாடு குறைந்தது. 2013-ல், மூட்டு நோய் இல்லாத, மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 60 பேரிடம் அதே வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் சோதிக்கப்பட்டது. மொத்தத்தில் போலி மருந்தை விட அது மேலாக இல்லை. தொடக்கத்தில் அழற்சி அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. எனவே "அழற்சி மருந்து மனச்சோர்வைக் குணமாக்கும்" என்று பொதுப்படையாக எழுத வேண்டாம்.

● டிஎன்எஃப் தடுப்புச் சிகிச்சையின் முன்னோடிகள்: மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி (பிறப்பு லூதியானா). லாஸ்கர் விருது 2003.

● பாதை இரு வழி. மனச்சோர்வு வலியைக் கூட்டும், மருந்தை மறக்க வைக்கும், உடற்பயிற்சியை நிறுத்தும். நோய் மீண்டும் ஏறும்.

● நோயின் தீவிரத்தை அளக்கும் டாஸ்-28 கணக்கை அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். எண்ணப்படும் மூட்டுகள் 28: தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் தலா 2, விரல் அடி மூட்டு 10, விரல் நடு மூட்டு 10. பாத மூட்டுகள் கணக்கில் இல்லை. வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, நோயாளியே தன் நிலைக்கு இடும் மதிப்பெண் என நான்கும் சேர்ந்து ஓர் எண். 2.6-க்குக் கீழ் என்றால் நோய் தணிவு, 5.1-க்கு மேல் என்றால் தீவிரம். இந்த நான்கில் இரண்டு, அதாவது வலியும் நோயாளியின் மதிப்பெண்ணும், மனச்சோர்வால் ஏறக்கூடியவை. வீக்கமும் ரத்தமும் அமைதியாக இருந்தும் எண் இறங்கவில்லையா? இன்னொரு மூட்டு மருந்தைச் சேர்க்கும் முன் மனதைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அது.

சமாளிக்கும் வழிகள் (இப்பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், நிதானமாகப் படியுங்கள்)

● இரண்டு கேள்விகள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நாட்பட்ட உடல்நோயோடு வரும் மனச்சோர்வுக்கென 2009-ல் தந்த வழிகாட்டுதலில் இருப்பவை. கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து அடிக்கடி வருந்தினீர்களா? எதையும் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மேலே பரிசோதிக்க வேண்டும். அக்காவின் மூட்டுகளை மாதாமாதம் எண்ணினார்கள். இந்தக் கேள்விகளை முதன்முதலில் கேட்டது ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். அக்கா பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அன்றுதான் எல்லாம் தொடங்கியது.

● முதலில் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் மனச்சோர்வு போலவே தோன்றும். முடக்கு வாதத்தில் ரத்தசோகை சகஜம்.

● அளந்து செய்தல். நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய துணியெல்லாம் துவைத்து, மாவரைத்து, வீட்டைக் கழுவிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதும், "என்னால் எதுவும் முடியவில்லை" என்று நொந்துகொள்வதும் பலர் வீட்டில் நடப்பது. வலிக்கும்வரை செய்வதை விட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும்: 20 நிமிடம் வேலை, பிறகு ஓய்வு, நல்ல நாளிலும் அதே அளவு.

● சிறு செயல்களைத் திட்டமிடுதல். மனம் சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செய்யத் தொடங்கிய பிறகுதான் மனம் மெல்ல அசையும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதி இது. நிறுவனர் ஆரன் பெக். அக்காவுக்கு வந்த முதல் பணி, சல்லடை அச்சு வைத்துக் கையகலக் கோலம், வாரம் இரண்டு நாள். பழைய கோலத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அம்மா அதைத் தாண்டி நடந்து போவதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

● உடற்பயிற்சி: மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சம் தவறு. நடை, நீரில் பயிற்சி, கைப் பயிற்சி ஆகியவை வலி, மனம் இரண்டுக்கும் உதவும். திடீரென வீக்கம் ஏறியிருக்கும் நாட்களில் மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

● மனமுனைப்புத் தியானத்தையும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் 2008-ல் முடக்கு வாத நோயாளிகளிடம் ஒப்பிட்டனர். முன்பே மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குத் தியானம் அதிகம் உதவியது. எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

● மனச்சோர்வு மருந்து: பலன் தெரியச் சில வாரம் ஆகும். எஸ்எஸ்ஆர்ஐ வகையோடு வலி மாத்திரை சேர்ந்தால் இரைப்பை ரத்தக்கசிவு ஆபத்து கூடும். முடக்கு வாத மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவருக்குச் சிட்டலோபிராம், எசிட்டலோபிராம் சேர்த்தால் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். ஆகவே மூட்டு மருத்துவர், மனநல மருத்துவர் இருவரிடமும் எல்லா மாத்திரைச் சீட்டையும் காட்டுவது கட்டாயம். தூக்கத்துக்கும் வலிக்கும் தரும் சிறு அளவு அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுச் சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது.

● 2003-ல் அமெரிக்காவில், மூட்டு நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 60 வயது கடந்த 1,001 பேரிடம் நடந்த ஆய்வு: மனச்சோர்வுக்கு நல்ல கவனிப்புத் தந்தபோது மூட்டு வலியும் குறைந்தது.

● பிரசவத்துக்குப் பின் முடக்கு வாதம் சீறி எழலாம். பேறுகால மனச்சோர்வும் அதே வாரங்களில்தான் வரும். குழந்தையைத் தூக்க முடியாத தாயிடம் யாராவது இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்தில் கூடாது. திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும்.

● வீட்டாருக்கு: "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லாதீர்கள். குக்கர் மூடியையும் ஜாக்கெட் கொக்கியையும் கேட்காமலே கவனியுங்கள்.

சட்டம், திட்டம், பிற குறிப்புகள்

● மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017. நடைமுறை 29 மே 2018. பிரிவு 21(4): உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு. பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்படுவார். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவே இல்லை (பொது ஊழியரை வற்புறுத்தவோ தடுக்கவோ செய்யும் முயற்சிக்கு மட்டும் பிரிவு 226).

● தேசிய மனநலத் திட்டம் 1982. மாவட்ட மனநலத் திட்டம் 1996.

● டெலி-மானஸ்: 10 அக்டோபர் 2022, உலக மனநல நாளில் தொடக்கம். எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழைக்க வேண்டிய எண். இதே பணியைச் செய்யும் சென்னையின் சிநேகா அமைப்பு: தொடக்கம் 1986, நிறுவனர் லட்சுமி விஜயகுமார்.

● உலக மூட்டு நோய் நாள் அக்டோபர் 12.

● முடக்கு வாதத்தோடு வாழ்ந்தவர்கள்: ஓவியர் ரென்வார் (கட்டுப் போட்ட விரல்களுக்கிடையே தூரிகையை வைத்துவிடச் சொல்லி, 1919-ல் இறக்கும்வரை வரைந்தார்), ஓவியர் ரவுல் டூஃபி, 1967-ல் முதல் மனித இதய மாற்று அறுவை செய்த கிறிஸ்டியான் பர்னார்ட் (1983-ல் கை மூட்டு நோயால் அறுவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்).

● மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016: 21 வகைகள். முடக்கு வாதம் தனிப்பெயராக இல்லை. அதனால் வரும் இயக்கக் குறைபாடு மதிப்பிடப்படும். மனநோய் பட்டியலில் உண்டு. விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் 11 பிப்ரவரி 2021 அன்று உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிரமம் உள்ள மாற்றுத்திறனாளிக்கு 40% குறைபாடு என்ற வரம்பை எட்டாவிட்டாலும் எழுத்தர் உதவி உண்டு என்றது. அதன்படி 10 ஆகஸ்ட் 2022 அன்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. ஈடுநேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல். விரல் மடங்காத நிலையில் முதன்மைத் தேர்வு எழுதப் போகிறவர்கள், தேர்வு அறிவிப்பில் அப்போது உள்ள விதியைப் பார்த்து, அரசு மருத்துவரின் சான்றிதழுடன் விண்ணப்பிக்கும்போதே கேட்டு விடுங்கள். நுழைவுச்சீட்டு வந்த பிறகு கேட்டால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.