தலையிலிருந்து கால்வரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது.

சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பவர் என்னைவிடச் சின்னவர், எனக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அருணந்தி சிவாசாரியார் கதை வரை பாடம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

13ஆம் நூற்றாண்டுக்காரர். ஆகமங்களைக் கரைத்துக் குடித்தவர். சகலாகம பண்டிதர் என்றே பெயர். பிள்ளையில்லாத அச்சுத களப்பாளருக்குத் திருமுறையில் கயிறு சாத்தி, வந்த பாட்டைப் பார்த்து, திருவெண்காட்டுக்கு வழிகாட்டியவரும் அவர்தான். அப்படிப் பிறந்த பிள்ளை மெய்கண்டார். அந்தப் பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் பாடம் சொல்லத் தொடங்கியதும் பண்டிதரின் மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். பண்டிதருக்குப் பொறுக்குமா? நேரே போய், ஆணவ மலம் என்றால் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், பெரியவர் அந்தச் சிறுவர் காலில் விழுந்து சீடரானார் என்கிறது மரபு.

அவர் படித்த படிப்பில் குறையில்லை. அதை வைத்துத்தான் பிறகு சிவஞான சித்தியார் எழுதினார்; அதன் பரபக்கத்தில் பிற மதங்களை வரிசையாக எடுத்து மறுத்தார். படிப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்ட 'நான்'தான் இடைஞ்சல். இருட்டு மற்றதை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும், ஆணவம் தன்னையும் காட்டாது என்கிறார் உமாபதி சிவம், திருவருட்பயனில். காசு கண்டவன் திமிரை ஊரே சொல்லிக் காட்டிவிடும். திருநீற்றுக்கு அடியில் இருப்பதை யார் சொல்வது?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அக்கா காய்ச்சலில் படுத்திருந்த அன்று கொஞ்சம் கஞ்சி வைத்துக் கொடு என்றதற்கு, பூசை நேரம் என்றாயாமே. பூசை நீயாகப் பிடித்துக்கொண்டது. கஞ்சி அவள் கேட்டது. தன் இஷ்டத்தைச் சாமி பெயரில் நடத்திக்கொள்வது ரொம்ப சுலபம், மாப்பிள்ளை. தற்போதம் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பாயே, அந்த 'நான்' என்ற முனைப்பு அடுப்படியில்தான் அகப்படும்.

வகுப்புக்குத் திரும்பிப் போ. தெரிந்த பாடமாக இருந்தாலும் கேட்டுக்கொண்டிரு, நடுவில் திருத்தாதே.

பொங்கல் லீவில் வா, திருவெண்ணெய்நல்லூர் போய்வருவோம். சிவனையே பித்தன் என்று ஏசி வழக்காடிய சுந்தரர் ஓலைக்கு முன் தோற்றதும் அதே ஊரில்தான். அங்கே இருக்கும் பொல்லாப்பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு வரலாம். தல வரலாற்றை மட்டும் அங்கே எனக்கு நீ விளக்க வேண்டாம். குருக்கள் சொல்லட்டும், இருவரும் கேட்போம்.

அன்புடன்,
மாமா