தொடக்க நிலைகளின் மெதுவான ஏற்றம்: இணையப் பாத்திர விளையாட்டுகளில் உழைப்பைக் கணக்கிட்டு ஆடும் முறை

இணையப் பாத்திர விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கற்பனை உலகில் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களைச் சிறிது சிறிதாக வளர்த்துக்கொண்டு, அதே உலகில் அதே நேரத்தில் உலவும் பிறரோடு சேர்ந்து ஆடும் விளையாட்டு வகையாகும். செய்யும் செயல் ஒவ்வொன்றுக்கும் சேர்வது அனுபவப் புள்ளி. ஆட்டக்காரர் வழக்கில் அது எக்ஸ்பி. குறிப்பிட்ட அளவு புள்ளி சேர்ந்ததும் பாத்திரம் அடுத்த நிலைக்கு, அதாவது அடுத்த லெவலுக்கு ஏறுகிறது. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்த முறையே இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் வரை தொடர்கிறது. புள்ளிக்காக ஒரே செயலை, மரம் வெட்டுவதையோ மீன் பிடிப்பதையோ சிறு விலங்குகளை வீழ்த்துவதையோ, நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்வது கிரைண்டிங் எனப்படுகிறது. புதிதாக வருபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஆட்டத்தைக் கைவிடுவதற்கும், வேறு சிலர் தூக்கத்தைத் தொலைத்து அதிலேயே கிடப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கிறது.

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையின் இயல்பை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நூற்பாலைகளில் மூன்று ஷிஃப்டுகளாக ஓடும் வேலையும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்காக அடுப்பின் முன் நின்று ஓயாமல் கிண்டும் வேலையும் இவ்விரு ஊர்களின் அன்றாடத்தில் கலந்தவை. ஆலையிலும் அடுப்படியிலும் வேலையின் அளவைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. விளையாட்டிலோ எந்த வேலையை எவ்வளவு செய்வது என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம்; அதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. ஆகவே எண்ணாமல் உழைப்பதைத் தவிர்ப்பதே இவ்வழிகாட்டியின் நோக்கம். எடுத்துக்காட்டாக இங்கே பெரும்பாலும் கொள்ளப்படுவது, 2013 பிப்ரவரி 22 அன்று, 2007ஆம் ஆண்டின் சேமிப்புப் பிரதியிலிருந்து பிரிட்டனின் ஜாகெக்ஸ் நிறுவனம் மீட்டு வெளியிட்ட 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' (இனி சுருக்கமாக ரூன்ஸ்கேப்) ஆகும். 2018 அக்டோபர் முதல் கைப்பேசியிலும் கிடைக்கும் இந்த ஆட்டத்தின் ஒரு பெரும்பகுதியைக் கட்டணமின்றி ஆடலாம் என்பதும், இதன் எண்கள் வெளிப்படையானவை என்பதும் தொடங்குபவருக்கு உதவுகின்றன.

முதற்படி, ஆட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்ப்பது. சில ஆட்டங்கள் உழைப்புக்குத் தாமே எல்லை வகுக்கின்றன. 2020இல் வெளியான 'கென்ஷின் இம்பேக்ட்' விளையாட்டில் பரிசுகளைப் பெறச் செலவாகும் 'ரெசின்' என்னும் ஆற்றல் 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறி, 200இல் நின்றுவிடுகிறது. முழுதும் நிரம்ப 26 மணி 40 நிமிடம் பிடிக்கும் என்பதால், நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆடுபவரும் அதிகம் எதையும் இழப்பதில்லை. ஆனால் அந்த ஆட்டம் கைப்பேசியில் பல பத்து ஜிபி இடத்தை அடைத்துக்கொள்வதால், நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் ப்ரீபெய்டு திட்டத்தை மட்டும் நம்பியிருப்பவர் அதை வீட்டு வைஃபை வழியாகத்தான் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ரூன்ஸ்கேப் போன்றவை இரண்டாம் வகை. அவற்றில் ஆற்றல் வரம்பு எதுவுமில்லை. எவ்வளவு நேரம் ஆடினாலும் புள்ளி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், எல்லையை ஆடுபவரே வகுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டம் தன் உலகின் நிகழ்வுகளை 0.6 நொடிக்கு ஒருமுறை, 'டிக்' எனப்படும் துடிப்புகளாகக் கணக்கிடுவதால், இராஜபாளையம் போன்ற மலையடிவார ஊர்களில் சற்றுத் தடுமாறும் இணைப்பிலும் இதை ஓரளவு சிக்கலின்றி ஆடமுடிகிறது.

இரண்டாம் படி, புள்ளி வளர்ச்சியின் கணக்கை அறிவது. இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள். ரூன்ஸ்கேப்பில் ஒரு திறனை 2ஆம் நிலைக்குக் கொண்டுவர 83 புள்ளி போதும். 10ஆம் நிலைக்கு 1,154, 20க்கு 4,470, 30க்கு 13,363, 50க்கு 1,01,333 என்று தேவை உயர்ந்து, உச்சமான 99ஆம் நிலைக்கு 1,30,34,431 புள்ளி ஆகிறது. ஏறத்தாழ ஏழு நிலைக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாவதே இதன் விதி. அதனால் 92ஆம் நிலையை எட்டும்போது சேர்ந்திருப்பது 65,17,253 புள்ளி, அதாவது மொத்தத்தில் சரிபாதி. பால் கொதிக்கும்போது இலேசாக ஓடும் கரண்டி, அது சுண்டச் சுண்டக் கனத்துப்போவதைப் பால்கோவா கிண்டியவர் அறிவார். இந்தக் கணக்கும் அப்படிப்பட்டதே. ஆகவே தொடக்க நிலைகள் உண்மையில் ஆட்டத்தின் மிக மலிவான பகுதி. அவை மெதுவாகத் தோன்றுவதற்குக் காரணம் தேவையின் அளவன்று. கையிலுள்ள கருவி எளியதாக இருப்பதும், ஒரு செயலுக்குக் கிடைக்கும் புள்ளி சொற்பமாக இருப்பதும், எந்தச் செயல் எவ்வளவு தரும் என்பது தெரியாமல் இருப்பதுமே காரணங்கள். இம்மூன்றில் கடைசியானதை ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம்.

மூன்றாம் படி, குவெஸ்ட் எனப்படும் கதைப்பணிகளை முதலில் முடிப்பது. இந்த ஒரு படியிலேயே பல மணி நேர உழைப்பு மிச்சமாவதால் இதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஆட்டம் தொடங்கும் லம்பிரிட்ஜ் கோட்டையின் சமையற்காரருக்கு ஒரு முட்டை, ஒரு வாளிப் பால், ஒரு பானை மாவு ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் 'குக்ஸ் அசிஸ்டன்ட்' பணி முடிந்து, 300 சமையற் புள்ளியுடன் அத்திறன் நேரே 4ஆம் நிலைக்குச் செல்கிறது. இது ஒரு சிறு தொடக்கம். அடுத்து 'டோரிக்ஸ் குவெஸ்ட்' என்னும் பணியில் 6 களிமண், 4 செம்புத் தாது, 2 இரும்புத் தாது கொடுப்பவருக்கு 1,300 சுரங்கப் புள்ளி கிடைப்பதால், சுரங்கத் திறன் ஒரே அடியில் 10ஆம் நிலையைத் தொடுகிறது. இரும்புத் தாதைத் தாமே வெட்ட 15ஆம் நிலை வேண்டும் என்பதால், அதை மட்டும் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்னும் பொதுச் சந்தையில் வாங்கிக்கொள்வது எளிது. அதற்குப் பணம் சேராதவர் செம்புத் தாது ஒன்றுக்கு 17.5 புள்ளி வீதம் 66 தாது வெட்டியும் 10ஆம் நிலையை அடையலாம்.

அந்த 10ஆம் நிலையைப் பெறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஃபாலடோர் நகரில் தொடங்கும் 'தி நைட்ஸ் ஸ்வார்டு' பணிக்குச் சுரங்கத் திறனில் 10ஆம் நிலை மட்டுமே முன்நிபந்தனை. 2 இரும்புக் கட்டிகள், செம்பெர்ரிப் பணியாரம் ஒன்று, ஒரு குந்தாலி ஆகியவற்றோடு சென்று, பனிக்குகையிலிருந்து 'புளூரைட்' தாதை வெட்டிவந்து கொடுத்தால் 12,725 கொல்லர் புள்ளி கிடைக்கிறது. முதல் நிலையில் இருந்த கொல்லர் திறன் இந்த ஒரே பணியால் 29ஆம் நிலைக்குப் போய்விடுகிறது. அதே புள்ளியை வெண்கலக் கட்டிகளை உருக்கி மட்டும் சேர்ப்பதென்றால், கட்டி ஒன்றுக்கு 6.2 புள்ளி வீதம் 2,000க்கு மேற்பட்ட கட்டிகள் வேண்டும். உருக்கிய கட்டிகளைச் சம்மட்டியால் அடித்துப் பொருளாக்கினாலும் சுமார் 680 கட்டிகள் தேவைப்படும். குகையில் பனி அரக்கர்களும் பனி வீரர்களும் தாக்குவார்கள் என்பதால், பை நிறைய உணவு எடுத்துக்கொண்டு, எவரோடும் நின்று போரிடாமல் ஓடிச்சென்று தாதை வெட்டித் திரும்புவதே புதியவருக்கு ஏற்ற முறை. பஞ்சை நேராக ரிங் ஃபிரேமில் ஏற்ற முடியாமல் கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் என்று வரிசையாகக் கடத்த வேண்டியிருப்பதுபோல, இந்தப் பணிகளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஒன்றின் பரிசு அடுத்ததன் நிபந்தனையை நிறைவேற்றுமாறு அவற்றை அடுக்கிக்கொள்பவருக்கு முதல் வாரத்தில் கிரைண்டிங் என்பதே பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

நான்காம் படி, தவிர்க்க முடியாத கிரைண்டிங்கைத் தொடங்குமுன் எண்ணிவிடுவது. எல்லாத் திறனுக்கும் இத்தகைய பணிகள் இல்லை. கட்டணமில்லாப் பகுதியில் மரம் வெட்டும் திறனைப் பெரும்பாலும் மரம் வெட்டித்தான் வளர்க்க வேண்டும். சாதாரண மரத்தின் கட்டை ஒன்றுக்கு 25 புள்ளி. 15ஆம் நிலைக்கு 2,411 புள்ளி தேவையாதலால் 97 கட்டைகளில் அந்நிலை வந்துவிடும். பையில் 28 பொருள்கள் கொள்ளும் என்பதால் அது நான்கு பைச் சுமைக்கும் குறைவே. 15ஆம் நிலையில் ஓக் மரம் வெட்டும் தகுதி கிடைத்து, கட்டைக்கு 37.5 புள்ளி வருகிறது. அங்கிருந்து 30ஆம் நிலைக்கு வேண்டிய 10,952 புள்ளிக்கு 293 ஓக் கட்டைகள் போதும். பழகிய இடத்தைவிட்டு நகர மனமின்றிச் சாதாரண மரத்தையே வெட்டிக்கொண்டிருப்பவர் அதே தூரத்துக்கு 439 கட்டைகள் வெட்ட வேண்டியிருக்கும். 30ஆம் நிலையில் வில்லோ மரம் கட்டைக்கு 67.5 புள்ளி தருகிறது. புதிய தகுதி திறந்ததும் பழைய இடத்தை விட்டுப் போய்விடுவதும், கோடரியைத் தகுதிக்கேற்ப மாற்றிக்கொள்வதும் இந்தப் படியில் கட்டாயமானவை. "இன்றைக்கு இரண்டு மணி நேரம்" என்று வகுப்பதைவிட "இன்றைக்கு 81 கட்டை" என்று வகுப்பது நல்லது. எண்ணிக்கை முடிந்ததும் கைப்பேசியைக் கீழே வைக்க ஒரு தெளிவான இடம் கிடைக்கிறது.

ஐந்தாவதாகக் கவனிக்க வேண்டியது, எண்ணிக்கைக்கு அடங்காத கிரைண்டிங். வீழ்த்தப்பட்ட விலங்கு அரிய பொருளொன்றை விட்டுச்செல்லும் நிகழ்தகவு 128இல் ஒன்று என்றால், 128 முறை வீழ்த்தினால் அது கட்டாயம் கிடைக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. 128 முறை முயன்ற பின்னும் அப்பொருள் கிடைக்காதோர் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் இருப்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைத்திருக்க வேண்டுமானால் சுமார் 294 முறை முயல வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடியவர்கள் அறிந்தபடி, முன்பு விழுந்த எண்களைத் தாயக்கட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நூறு முறை தோற்றவருக்கும் அடுத்த முறைக்கான வாய்ப்பு அதே 128இல் ஒன்றுதான். "இவ்வளவு நேரம் போட்டாயிற்று, இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடும்" என்ற எண்ணமே நள்ளிரவு தாண்டியும் ஆடவைக்கிறது. தொடக்க நிலையில் உள்ளவர் இத்தகைய அரிய பொருள் வேட்டையை முற்றாகத் தவிர்ப்பதே சரி. புள்ளியைப் போல அது உறுதியாகச் சேர்வதில்லை.

ஆறாவது, நேரத்தை வாழ்க்கைக்கு ஏற்ப அமைப்பது. ஆலையில் இரவு ஷிஃப்டு முடித்து வருபவர் ஆட்டத்தைத் தூக்கத்துக்குப் பின் வைக்க வேண்டும். தூக்கத்துக்கு முன் வைத்தால் இரண்டும் கெடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வைஃபை எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். சண்டையின் நடுவே இணைப்பு அறுந்தாலும் பாத்திரம் உடனே உலகைவிட்டு மறைவதில்லை என்பதால், அந்நாளில் மரம் வெட்டுதல், மீன்பிடித்தல் போன்ற ஆபத்தில்லாத வேலைகளையே செய்ய வேண்டும். ஓய்வுக்கு மதிப்புண்டு என்பதை ஆட்டங்களை உருவாக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' சோதனைக் கட்டத்தில் இருந்தபோது நெடுநேரம் ஆடுபவரின் புள்ளியைக் குறைத்துப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் அதை வெறுத்ததால், விலகி இருந்தவருக்குக் கூடுதல் தருவதாக அதே கணக்கு திருப்பிப்போடப்பட்டது. அதன்படி சத்திரத்தில் பாத்திரத்தை விட்டுச்செல்லும் ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் ஒரு நிலையின் 5 விழுக்காடு ஓய்வுக் கணக்கில் சேர்ந்து, அது தீரும்வரை வீழ்த்தும் விலங்குகளுக்கு இரட்டைப் புள்ளி கிடைக்கிறது. ரூன்ஸ்கேப்பில் இந்த வசதி இல்லை. அங்கே ஓய்வை ஆடுபவரே எடுத்துக்கொள்ள வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 நொடி பார்ப்பது கண்ணுக்கும், கட்டைவிரலை விரித்து மடக்குவது கைக்கும் நல்லது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விளையாட்டுத் தங்கத்தை வெளியாரிடம் ரூபாய் கொடுத்து வாங்குவதும், தானாக ஆடும் நிரலை ஓடவிடுவதும், கணக்கையே விலைக்கு வாங்குவதும் ரூன்ஸ்கேப்பின் விதிகளை மீறுவன. பிடிபட்டால் மாதக்கணக்கான உழைப்போடு கணக்கும் போய்விடும். நிறுவனமே விற்கும் 'பாண்ட்' விதிக்கு உட்பட்டதாயினும், மலிவான தொடக்க நிலைகளைக் கடக்கப் பணம் செலவிடுவது தேவையற்றது. வாங்கிய கருவியைக் கையாளத் தெரியாமல் ஆபத்தான இடத்தில் அதைப் பறிகொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நடுவண் சட்டம், பந்தயமோ பணப் பரிசோ இல்லாத பாத்திர விளையாட்டுகளைத் தடுப்பதில்லை. ஆகவே பாத்திர விளையாட்டு என்ற பெயரில் பணம் பெருகும் என்று வரும் அழைப்பு எதுவாயினும் அதை ஏற்கக்கூடாது.

ஆட்டத்தை நிறுத்த முடியாமல் படிப்பும் வேலையும் குலைந்து, அந்நிலை பல மாதங்கள் நீடித்தால், அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாட்டில் நோயாகவே இடம்பெற்றிருக்கும் ஒன்று என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். திட்டுவதைவிட 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழைத்துப் பேசுவது பயன் தரும்.

இன்று தொடங்கவிருப்பவர், ஆட்டத்தைத் திறக்குமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ள வேண்டுகிறோம்: அடைய விரும்பும் நிலைக்கு வேண்டிய புள்ளி, ஒரு செயலுக்குக் கிடைக்கும் புள்ளி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்ணிக்கை. அந்த மூன்றாம் எண்ணைப் பார்த்து மனம் ஒப்பினால் மட்டும் முதல் மரத்தை வெட்டத் தொடங்குங்கள்.