ஒழுகும் நினைவகம்

அன்புள்ள நிலாவுக்கு,

மின்சாரம் போனதும் கணினியின் ரேம் ஏன் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது என்று கேட்டிருந்தாய். மின்சாரம் இருக்கும்போதே அது மறந்துகொண்டுதான் இருக்கிறது, கண்ணு. நாம் அறியாதபடி யாரோ நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1966-இல் ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட், ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று கண்டார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இதுதான் டிரேம்; உன் கணினியின் ரேம் இந்த வகைதான். இதற்கு மாற்றான எஸ்ரேம், மின்சாரம் உள்ளவரை தானாக மறக்காது, வேகமும் அதிகம். ஆனால் ஒரு பிட்டுக்கே வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர் கேட்கும். அதனால் அது பெரும்பாலும் செயலிக்குள் இருக்கும் கேஷ் என்ற சிறிய நினைவகத்தோடு நின்றுவிட்டது.

டிரேமின் மின்தேக்கி ஓட்டைப் பானை. அதனால் டிடிஆர்4 வகை டிரேமில், வழக்கமான வெப்பநிலையில், 64 மில்லி விநாடிக்குள் பிட்டுகள் அடுக்கப்பட்ட ஒவ்வொரு நிரையையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசிவு கூடும், அவகாசம் பாதியாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு பிட்டைப் படித்தாலே அது அழிந்துபோகிறது! மின்தேக்கியில் இருந்த துளி மின்னூட்டம் நீண்ட கம்பியில் பரவிக் கரைந்துவிடும். கம்பியின் முனையில் உள்ள உணர்பெருக்கி அந்த நுண்ணிய மாற்றத்தைப் பெருக்கி, 1 என்றோ 0 என்றோ தீர்மானித்து, அதே இடத்தில் திரும்ப எழுதிவிடுகிறது. நீ ஒரே ஒரு எண்ணைக் கேட்டாலும் அந்த நிரை முழுவதும் இப்படித் திறக்கும். புதுப்பித்தல் என்பதும் இதே வேலைதான்.

திறந்திருக்கும் நிரையிலேயே அடுத்த எண்ணையும் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். வேறு நிரை என்றால் இதை மூடி, அதைத் திறக்க வேண்டும். அதனால்தான் நினைவகக் கட்டுப்படுத்தி, காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசையை மாற்றி, திறந்த நிரைக்கானவற்றை முதலில் முடித்துக்கொள்ளப் பார்க்கிறது.

நிரைகள் நெருக்கமாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே நிரையை ஓயாமல் திறந்து மூடினால் பக்கத்து நிரையின் பிட்டுகள் புரண்டுவிடுவதை 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரோஹேமர் என்று பெயர். பாதுகாப்பை உடைக்கவும் அது வழியானது.

நீ சி மொழி படிக்கிறாய் அல்லவா? எண்களைக் கேட்கும் வரிசை முக்கியம் என்பதை நீயே சோதித்துப் பார். 10,000க்கு 10,000 அளவில் ஓர் எண் அணியை எடுத்துக்கொள். முதலில் நிரை நிரையாகக் கூட்டு. பிறகு மேலிருந்து கீழாகக் கூட்டு. கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்துவிடு, இல்லையென்றால் அதுவே சுழல்களின் வரிசையை மாற்றிவிடக்கூடும். கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதான். கேஷ் பெரும்பாலும் 64 பைட்டாகவே எடுத்துவரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நேரங்களையும் அளந்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா