மட்கலக் கலையில் கொள்வினையும் கொடுப்பினையும்

இரு பண்பாடுகள் ஒரு கலத்தில் கூடினால் அதனைக் கலப்பு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொள்வினையும் கொடுப்பினையும் ஒருங்கே உள்ள இடத்தில்தான் உறவு நிலைக்கும் என்பது நம் குடும்பங்கள் அறிந்த உண்மை. கலைக்கும் இது பொருந்துமா? ஒரு தண்ணீர்ப் பானையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1920ஆம் ஆண்டில் பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயரும் ஹமாடா ஷோஜி என்னும் ஜப்பானியரும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் நகரில் மட்கலக் கூடம் ஒன்றை நிறுவினர். கிழக்காசியக் கலமரபும் ஆங்கில நாட்டுப்புறக் கலமரபும் அங்கே கைகோத்தன. அங்குப் பயின்ற மைக்கேல் கார்டியூ பின்னர் ஆப்பிரிக்கா சென்றார். 1950களின் தொடக்கத்தில் நைஜீரியாவின் அபுஜாவில் மட்கலப் பயிற்சி நிலையம் ஒன்றை அமைத்தார். அந்நாளைய அபுஜா இன்று சுலேஜா என வழங்குகிறது.

அவ்வூர் அமீரின் இல்லத்தில் இருந்த சில பானைகள் கார்டியூவின் கருத்தைக் கவர்ந்தன. அவற்றை வனைந்தவர் குவாலி என்னும் சிற்றூரைச் சேர்ந்த லாடி குவாலி அம்மையார். அப்பகுதியில் பானை வனைதல் பெண்களின் தொழில். அவர்கள் சக்கரத்தைப் பயன்படுத்துவதில்லை. மண்ணைக் கயிறுபோல் திரித்து அடுக்கி, பானையைத் தாமே சுற்றிவந்து உயர்த்துவர். ஈரம் காயுமுன் பல்லி, தேள், முதலை முதலிய உருவங்களை அதன்மேல் கீறுவர். சூளையும் இல்லை, திறந்த வெளியிலேயே சுடுவர்.

1954இல் அம்மையார் அந்நிலையத்தில் சேர்ந்தார். அங்குச் சேர்ந்த முதல் பெண் அவரே. சக்கரத்தில் வனையவும் கற்றார். எனினும் பெரும் பானைகளைப் பழைய முறையிலேயே கையால் எழுப்பினார். கீறிய கோடுகளில் வெண்மண் குழம்பை நிரப்பி, கண்ணாடி போன்ற மெருகு பூசி, சூளையில் 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டார். அப்பானைகள் இலண்டன் கண்காட்சிகளில் பெரும்புகழ் பெற்றன. நைஜீரியாவின் 20 நைரா பணத்தாளில் இன்று அவர் உருவம் விளங்குகிறது.

இங்கே இழப்பு ஒன்றும் உண்டு. ஊர்ப் பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிரும். மெருகு பூசிய பானையில் அத்துளைகள் அடைபடுகின்றன. தாகம் தணித்த பானை காட்சிப் பொருளாயிற்று. ஒன்றைப் பெறும்போது எதை இழக்கிறோம் என்பதையும் கணக்கிடல் வேண்டும்.

அக்கணக்கை வேறு வகையில் தீர்த்தவர் மக்டலீன் ஒடுண்டோ. 1950இல் நைரோபியில் பிறந்து, 1971இல் இங்கிலாந்து சென்ற இவர், 1970களின் நடுவில் அபுஜா சென்று லாடி குவாலியிடம் பயின்றார். கையால் வனையும் முறையை ஏற்றார். மெருகுப் பூச்சை விலக்கினார். நுண்ணிய மண்குழம்பைப் பூசி, தேய்த்துத் தேய்த்தே பளபளப்பைக் கொணர்கிறார். காற்றோட்டமுள்ள சூளையில் அக்கலம் செந்நிறம் பெறும். காற்றைக் குறைத்து மீண்டும் சுட்டால் கருமை கொள்ளும். ஆங்கிலக் கல்லூரிக் கல்வியும் ஆப்பிரிக்கப் பெண்களின் கைத்திறனும் அக்கலங்களில் பிரிக்கவியலாது கலந்துள்ளன.

ஆங்கிலக் குவளையில் ஆப்பிரிக்கப் பல்லியை வரைந்துவிடுவது கலப்பாகாது, அது ஒப்பனையே. கை கற்றுக்கொண்டதா, கொள்வதையும் விடுவதையும் கலைஞரே தேர்ந்தாரா, கற்பித்தவரின் பெயர் நிலைத்ததா என்னும் மூன்று வினாக்களே உரைகல். லாடி குவாலியின் பெயர் நிலைத்தது. ஆனால், அவரைப் போன்று வனைந்த எண்ணற்ற பெண்களின் பானைகள் வனைந்தவர் பெயரின்றியே அருங்காட்சியகங்களில் உள்ளன. பொருளைப் போற்றிப் பெயரை மறப்பது கொள்வினை மட்டுமே, கொடுப்பினை ஆகாது. பிற பண்பாட்டின் கலையைப் பயிலப் புகும் மாணவர் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.