மார்கழியில் வரும் பண்டிகை

அன்புள்ள சகோதரிக்கு,

ஆரணியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் பெயரையும் தெருவையும் இங்கே போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மகன் சைக்கிள் கேட்கிறான், மகள் பேசும் பொம்மை கேட்கிறாள், பட்டுத் தறியில் நெய்யப் பாவு இல்லை. முதலாளியிடம் இன்னும் ஐயாயிரம் முன்பணம் வாங்கிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பிள்ளைகள் முகம் வாடக்கூடாது என்று நீங்களும் பாதி சம்மதத்தில் இருக்கிறீர்கள்.

அந்த ஐயாயிரம் வேண்டாம். முன்பணம் மற்ற கடன் மாதிரி இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது தீரும்வரை வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது, கூலியைக் குறைத்தாலும் வாய் திறக்க முடியாது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குத்தான் அந்தப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், நல்லது. ஆனால் பொம்மை வாங்குவதற்காகவா முன்பணக் கணக்கில் இன்னொரு வரி ஏற வேண்டும்?

கை வறண்டது உங்கள் தப்பும் இல்லை. டிசம்பர் 25 என்பது மார்கழி ஒன்பதோ பத்தோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறும். மழை விட்டால் மார்கழி, முகூர்த்தம் இல்லை. வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும், முதலாளி 'தை பொறக்கட்டும்' என்பார். தீபாவளி கொண்டாடுகிற பக்கத்து வீட்டுக்குப் பண்டிகை வியாபாரத்தோடு சேர்ந்து வருகிறது. உங்கள் பண்டிகை தறி சும்மா கிடக்கிற மாதத்தில் வருகிறது. இதை அப்படியே மகனிடம் சொல்லலாம். தறிவீட்டுப் பிள்ளைக்குப் புரியாத விஷயமா?

'காசு இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பிள்ளையைப் பயமுறுத்தும். இரவில் நீங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவதை அவன் ஏற்கெனவே கேட்டிருப்பான். தறியண்டை உட்காரவைத்து, போன பாவில் எத்தனை புடவை நெய்து அறுத்தோம், கூலி எவ்வளவு, அரிசிக்கும் சீட்டுக்கும் எவ்வளவு போனது என்று எண்ணிக் காட்டுங்கள். பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கள்: புதுத்துணி உண்டு, அதற்கு மேல் உனக்கு முந்நூறு ரூபாய், என்ன வேண்டும் என்று நீயே யோசி. நட்சத்திரம் கட்டுகிற வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். இருபத்து நான்காம் தேதி இரவு தெரிந்தால் அழுகைதான்.

மகள் சின்னவள். கேட்டதையெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தா கொண்டுவருவார் என்று யூடியூப் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா கேரல் கோஷ்டியோடு முகமூடி மாட்டி ஆடிக்கொண்டு வருவார், மிட்டாய் கொடுப்பார், போய்விடுவார். பணக்கார வீட்டுக்கும் அதே மிட்டாய்தான். அவளிடம் அந்தத் தாத்தாவைப் பற்றியே பேசுங்கள். அந்தத் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாஸின் கதையையும் சொல்லலாம். இன்றைய துருக்கியில் இருக்கும் மிரா நகரத்தில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். ஏழைத் தகப்பன் ஒருவருடைய மூன்று பெண்களின் கல்யாணத்துக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்பு போட்டார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. பொம்மை அதில் எங்கேயும் வரவில்லை. கல்யாணப் புடவை நெய்கிற ஊரில் இந்தக் கதை நன்றாகவே எடுபடும் என்று நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து வரும் நாத்தனார் தன் பிள்ளைகளுக்கு வாங்கிய பெரிய பெட்டிகளை உங்கள் வீட்டில் வைத்துப் பிரிப்பார் என்று பயப்படுகிறீர்கள். இப்போதே போன் செய்யுங்கள். 'அண்ணி, இந்த வருஷம் எங்களுக்குக் கஷ்டம், பெட்டியை ஊருக்குப் போய்ப் பிரிச்சுக்கோங்க' என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அவரும் தறிவீட்டில் பிறந்தவர்தானே.

சைக்கிள் விஷயம் ஒன்று பாக்கி. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் இலவச சைக்கிள் உண்டு என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு ஆறு வருஷம் ஒரு யுகம். தையில் வாங்கித் தருகிறேன் என்றும் வாக்குக் கொடுக்க வேண்டாம், தையில் பாவு வருமா என்பது முதலாளிக்கே நிச்சயமில்லை. பழைய சைக்கிள் என்ன விலை என்று கடையில் விசாரித்து மட்டும் வையுங்கள். புதுப் பாவு பிணைக்கிற அன்றைக்கு, எத்தனையாவது புடவை அறுத்ததும் வாங்கலாம் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்