காட்டுப் பைக்கு ஒரு சின்னக் கத்தி: அம்மருட் வீட்டிலிருந்து 21 குறிப்புகள்

ஒஸ்லோவின் அம்மருட்டில் குடியிருப்பதில் ஒரு வசதி: முருகன் கோயிலும் கிட்ட, லில்லோமார்க்கா காடும் கிட்ட. காட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிய எந்தத் தமிழ் வீட்டிலும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நோர்வேக்காரர் உறையில் போட்டுக் கொண்டுவாற சின்னக் கத்தி மாதிரி ஒன்று நாங்களும் வாங்குவமா?" அதற்கு இங்கே தொல்லெக்னிவ் என்று பெயர். பெயரில்தான் தொல்லை, பார்த்து வாங்கிப் பக்குவமாய்ப் பாவித்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

1. ஊரில் பனையோலை வார வைத்திருந்த சத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மடங்காத அலகு, கைக்கு அடங்கிய பிடி, வேலைக்குக் காணுமான நீளம், இவ்வளவும் போதும். வில்லுக்கத்திபோல மூட்டு இல்லாததால் அழுக்கு அடையாது, மடங்கி விரலைப் பதம் பார்க்காது, கழுவுவதும் சுகம்.

2. அலகு 6 முதல் 10 சென்ரிமீற்றர் இருந்தால் தாராளம். ஈஸ்டர் நடைக்குக் கொண்டுபோகிற தோடம்பழம் வெட்ட, கயிறு அறுக்க, சொசேஜ் குத்தி வாட்டத் தடி சீவ என்று எல்லாவற்றுக்கும் அது காணும். அதற்கு மேல் நீளமானால் பாரமும் கூடும், காசும் கூடும், பார்க்கிறவர்களின் புருவமும் உயரும்.

3. கடைக்குப் போகும்போது குளிர்காலக் கையுறையையும் எடுத்துப் போங்கள். வெறுங்கையால் ஒருமுறை, கையுறையோடு ஒருமுறை பிடித்துப் பாருங்கள்; நாலு விரலும் பிடியில் ஒழுங்காய் அமர வேண்டும். சின்ன விரல் வெளியே தொங்கினால் அந்தக் கத்தி உங்களுக்கில்லை.

4. முதல் கத்திக்குப் பெரிய காசு கொட்ட வேண்டாம். 1891இல் சுவீடனின் மூரா ஊரில் தொடங்கிய பட்டறை மரபில் வரும் மூராக் கத்தி, பிளாஸ்ரிக் உறையோடு சில நூறு குரோனருக்குள் கிடைக்கும். குடும்பமாய் வெளியே ஒரு பீற்சா சாப்பிடுகிற காசுதான். தொலைந்தாலும் நெஞ்சு வெடிக்காது.

5. பரிசு கொடுக்கவோ, பிள்ளைக்கு ஒரு நினைவாக வைக்கவோ என்றால் நோர்வேக் கத்தியைப் பாருங்கள். மேற்கு நோர்வேயின் ஹோல்மெடாலில் 1932இல் தொடங்கிய ஹெல்லெயும், யைலோவில் 1896இல் தொடங்கிய புருஸ்லெத்தோவும் பேர்போன பட்டறைகள். விலை கூடினாலும், கோடுபோட்ட பேர்ச் மரப் பிடியின் வடிவுக்கே ஒருதரம் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

6. கறள் பிடிக்காத உருக்கா, சாதாரண கார்பன் உருக்கா என்று கடைக்காரர் கேட்டால் உங்கள் குணத்தைக் கேட்டு முடிவெடுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து வைக்கிற ஆளென்றால் கார்பன் நல்லது. கெதியாய்க் கூர் ஏறும். ஈரக் கத்தியைப் பைக்குள் எறிந்துவிட்டு அடுத்த கிழமை தேடுகிற வீடென்றால் கறள் பிடிக்காததே புத்தி.

7. அலகின் பக்கவாட்டைச் சாய்த்துப் பாருங்கள்: இந்த நாட்டுக் கத்திகளில் நடுவிலிருந்து விளிம்புவரை அகலமாய் ஒரே சரிவு தெரியும். சாணைக் கல்லில் அந்தச் சரிவு படியும்படி தட்டையாய் வைத்துத் தேய்த்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். புதிதாய்ச் சாணை பிடிக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான கத்தி இல்லை.

8. மரப்பிடி கண்ணுக்கு அழகு, றப்பர் கலந்த பிடி கைக்கு உதவி. மீன் வெட்டி வழுக்குகிற கையிலும் குளிரில் மரத்த கையிலும் அது நழுவாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவவும் பயமில்லை. ஏரியில் தூண்டில் போடுகிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் மீன்பிடி அனுமதி அட்டை எடுத்த பிறகு!

9. பச்சை, பழுப்பு நிறப் பிடிகளைப் பார்த்து மயங்காதீர்கள். காட்டில் கீழே வைத்தால் பாசிக்குள் மறைந்துபோகும். செம்மஞ்சள், சிவப்பு என்று கண்ணில் குத்துகிற நிறம் எடுங்கள். ஏற்கெனவே பச்சையை வாங்கிவிட்டீர்களா? பிடியில் ஒரு துண்டுச் சிவப்பு றிபன் கட்டினால் அதே வேலைதான்.

10. கத்தியைப் பார்த்த கண்ணால் உறையையும் பாருங்கள். உறைக்குள் போட்டுத் தலைகீழாய்ப் பிடித்து இரண்டுதரம் குலுக்குங்கள். விழுந்தால் திருப்பிக் கொடுங்கள். பிளாஸ்ரிக் உறையென்றால் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருப்பது நல்லது.

11. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் நடத்தும் லொப்பெமார்க்கெத் பழஞ்சாமான் சந்தைகளை விடாதீர்கள். கறள் ஏறிய நல்ல கத்திகள் சில்லறைக் காசுக்குக் கிடக்கும். மேற்கறள் தேய்த்தால் போய்விடும். பிடி ஆடினாலும், அலகு தேய்ந்து ஊசியாய்ப் போயிருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

12. வாங்குமுன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நோர்வேயின் தண்டனைச் சட்டம் 189ஆம் பிரிவின்படி பொது இடத்தில் சும்மா கத்தி வைத்திருப்பது குற்றம். வேலைக்கு, காட்டு நடைக்கு, அதுபோன்ற நியாயமான தேவைக்குக் கொண்டுபோனால் விலக்கு உண்டு. விசைக் கத்தி, வண்ணத்துப்பூச்சிக் கத்தி பக்கமே போக வேண்டாம். அவை வைத்திருக்கவே தடை.

13. ஆகவே இந்தக் கத்தியின் இடம் காற்சட்டைப் பை அல்ல, காட்டுப் பை. சுரங்க ரயிலில் ஏறுமுன் உறையோடு பையின் அடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துவிடுங்கள். திரும்பும் வழியில் கோயிலுக்கோ கடைக்கோ போகிற யோசனை இருந்தால் முதலில் வீட்டுக்குப் போய்க் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். வேலோடு நிற்க முருகன் ஒருவர் காணும்.

14. காரின் கதவுப் பெட்டிக்குள் கத்தியை மறந்து விடுகிற பழக்கம் கூடாது. காட்டுக்குப் போன கதை அடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் பொருந்தாது. வீட்டு வாசலில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொளுக்கி அடியுங்கள். சப்பாத்துக் கழற்றும்போதே கத்தியும் கொளுக்கிக்கு ஏறட்டும்.

15. தேசிய நாளான மே 17 அன்று நோர்வேக்காரரின் மரபுடை இடுப்பில் கத்தி தொங்குவதைப் பார்த்து, "அவைக்கு மட்டும் எப்படி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது உடுப்பின் அங்கமாக வருவதால் நியாயமான தேவை என்று எடுக்கப்படுகிறது. வேட்டியில் செருகிக்கொண்டு போக அந்தச் சலுகை செல்லாது!

16. பிள்ளைக்கு முதல் கத்தி வாங்கினால் நுனி மழுங்கியதாய், பிடிக்கும் அலகுக்கும் இடையில் விரல் தடுப்பு உள்ளதாய் எடுங்கள். சாரணர் கத்தி என்று கேட்டால் காட்டுவார்கள். சொல்லிக்கொடுக்க மூன்று வாக்கியம் போதும்: இருந்துகொண்டு சீவு, உன் உடம்புக்கு வெளிப்பக்கமாய்ச் சீவு, எழும்புமுன் உறையில் போடு.

17. காளான் பொறுக்கும் காலத்தில் சின்னக் கத்திக்குத்தான் கூடின வேலை. தெரியாத காளானைத் தண்டோடு வெட்டாமல், கத்தி நுனியால் நெம்பி அடியோடு எடுங்கள். நச்சு வெள்ளைக் காளானை அடையாளம் காட்டும் பை அடியில்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவருமுன் சொப்கொன்ட்ரோல் என்ற காளான் பரிசோதனையில் இருக்கிற நிபுணரிடம் காட்டுங்கள், காசில்லை.

18. தடி சீவும்போது கிரான் மரப் பிசின் அலகில் ஒட்டினால் சுரண்டி மினக்கெட வேண்டாம். பலாப்பழம் வெட்டிய கத்திக்கு ஊரில் என்ன செய்தோம்? அதேதான்: இரண்டு துளி தேங்காய் எண்ணெய், ஒரு துண்டுப் பழந்துணி. நிற்கிற மரத்தில் கை வைக்காமல் விழுந்த கொப்பையே எடுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டுக்கு அருகிலும் பொதுவாகத் தீ மூட்டத் தடை என்பதும் நினைவிருக்கட்டும்.

19. கார்பன் கத்தி எலுமிச்சை, புளி பட்டுக் கறுத்தால் பயப்படாதீர்கள். அந்தச் சாம்பல் நிறம் கறளைக் கொஞ்சம் தடுக்கும். செம்மஞ்சளாய்ப் பொடி உதிர்வதுதான் கறள். அதற்கு அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்துக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள்.

20. சாணைக் கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கமில்லாத வளையம் தெரியும். அதில் அலகின் சரிவைப் படியவைத்து இரண்டு பக்கமும் மெதுவாய்ப் பத்துத் தரம் இழுங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், கூர்ப்பக்கம் பின்னால் இருக்கும்படி இழுத்தால் கடதாசி வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் மட்டும் போடாதீர்கள். கூரும் போகும், மரப்பிடியும் வெடிக்கும்.

21. நனைந்த தோல் உறையைச் சூடாக்கியின்மேல் வைத்தால் கருவாடாய் முறுகிவிடும். காற்றில் காயவிட்டு, கத்தியை அதுவரை வெளியே வையுங்கள். கத்தியை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோவதென்றால் சரக்குப் பெட்டிக்குள் போடுங்கள். ஐரோப்பிய விதிப்படி 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகு கைப்பையில் வர முடியாது, அதைவிடச் சின்னதென்றாலும் மாறும் விமான நிலையத்தில் பறிபோகலாம். இனி உதவாது என்றான கத்தியை மட்டையில் சுற்றி ஒட்டி, ஹரால்ருட் மீள்சுழற்சி நிலையத்தின் இரும்புப் பெட்டியில் சேருங்கள். அது ஆட்களையும் வெட்டாது, குப்பைப் பையையும் கிழிக்காது.