குளிர்காலக் காலையில் களையெடுக்கும் யந்திரம்

நீலகிரி மலையில் நீர்போக உருளைக்கிழங்குக்கு நிலத்தைப் பண்படுத்தும் வேலை தை, மாசி மாதங்களில் நடைபெறுகின்றது. உறைபனி விழுவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். விடியற்காலையில் பவர் வீடர் என்று வழங்கும் களையெடுக்கும் யந்திரத்தை வயலுக்குக் கொண்டு வந்து, கயிற்றை இருபது முறை இழுத்தும் அது புறப்படாவிட்டால், வந்திருக்கும் ஆட்களின் காலைப் பொழுது வீணாகின்றது. இவ்விதம் சில தினங்கள் கழியுமானால் பருவமே தவறிவிடும். யந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அதைக் கொட்டகையில் போட்டுவிடுவோரும் உண்டு. உண்மையில், இத்தகைய தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பழைய பெட்ரோலும், அதனால் அடைபட்ட ஒரு சிறு துவாரமுமே ஆகும். இதனை விவசாயிகள் தாமே கண்டறிந்து சீர்செய்து கொள்ளலாம்.

யந்திரம் ஓடும் விதம்

இந்த யந்திரங்களில் பல, நான்கு வீச்சு கொண்ட பெட்ரோல் யந்திரங்களாகும். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு காரியங்களும், யந்திரத்தின் அச்சு இருமுறை சுற்றுவதற்குள் நடந்து முடிகின்றன. பெட்ரோலையும் காற்றையும் தக்க அளவில் கலந்து அனுப்புவது கார்புரேட்டர். ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுவதும் எரிவதற்குச் சுமார் 15 பங்கு எடையுள்ள காற்று தேவை.

குளிர்ந்த யந்திரத்தில் பெட்ரோல் நன்கு ஆவியாவதில்லை; ஒரு பகுதி குழாயின் சுவரிலேயே ஈரமாகப் படிந்துவிடுகின்றது. ஆகவே, புறப்படும் சமயத்தில் மட்டும் பெட்ரோலை அதிகமாக அனுப்ப வேண்டியிருக்கின்றது. இதற்காகவே சோக் என்னும் மூடி அமைந்துள்ளது. அது காற்று வரும் வழியை அடைப்பதால் பெட்ரோல் அதிகமாக இழுக்கப்படுகின்றது.

புறப்படச் செய்யும் முறை

முதலில் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். சில யந்திரங்களில் எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானே நிறுத்திவிடும் அமைப்பு உண்டு. சரிவான நிலத்தில் யந்திரம் சாய்ந்து நின்றாலும் இது நேரலாம். எனவே, சமதளத்தில் நிறுத்திப் புறப்படச் செய்வதே நலம்.

பின்னர் பெட்ரோல் காக்கைத் திறந்து, சோக்கை மூடி, ஆக்ஸிலேட்டரைச் சிறிதளவு திறந்து வைக்க வேண்டும். கயிற்றை மெதுவாக இழுத்து, கைக்கு இறுக்கம் தெரிந்த இடத்திலிருந்து வேகமாக இழுக்க வேண்டும். யந்திரம் ஓடத் தொடங்கியதும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட வேண்டும். கார்புரேட்டரின் வாயில் நேராகப் பெட்ரோலை ஊற்றிப் புறப்படச் செய்யும் வழக்கம் அபாயகரமானது. உள்ளிருந்து தீ பின்னோக்கி வந்து முகத்தைச் சுட்டுவிடக்கூடும். மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓட்டுவதும் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிரைப் போக்கவல்லது.

பிளக் சொல்லும் செய்தி

ஏழெட்டு முறை இழுத்தும் ஓடவில்லையெனில், மேலும் இழுத்துக் கொண்டிராமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே செல்லவில்லை என்பது பொருள். டாங்கி, காக், வடிகட்டி, கார்புரேட்டர் என்ற வரிசையில் அடைப்பைத் தேட வேண்டும்.

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை என்று கொள்ளலாம். காக்கை மூடி, சோக்கைத் திறந்து, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டிய பிறகு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து சிலமுறை இழுத்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறிவிடும்.

பிளக் கரிபடிந்து கறுத்திருந்தால் காற்று போதவில்லை. காற்று வடிகட்டியில் மண் அடைத்திருக்கலாம். சோக் முழுதும் திறவாமல் இருக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் யந்திரம் ஓடாவிட்டால், வால்வு இடைவெளி குறைந்து அழுத்தம் கசிகின்றதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பது நல்லது.

வேகம் குறைத்தால் நின்றுவிடுதல்

சில யந்திரங்கள் சோக் மூடியிருக்கும்போது ஓடும், திறந்தவுடன் நின்றுவிடும். வேறு சில, வேகத்தைக் குறைத்தால் ஏறி இறங்கித் தள்ளாடி நின்றுவிடும். ஆக்ஸிலேட்டர் ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையில், பைலட் ஜெட் என்னும் மிகச் சிறிய துவாரத்தின் வழியாகவே பெட்ரோல் செல்ல வேண்டும். அந்தத் துவாரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்தால் அது அடைபட்டுவிடுகின்றது.

இதனைச் சுத்தம் செய்ய, யந்திரம் ஆறிய பின் காக்கை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். கிண்ணத்தில் நீர்த்துளியோ, மண்ணோ, பிசினோ இருந்தால் அதுவே காரணம் என்று அறியலாம். ஜெட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தில் கழுவி, காற்று அழுத்தி ஊத வேண்டும். ஊசியையும் இரும்புக் கம்பியையும் நுழைக்கக் கூடாது. துவாரம் பெரிதானால் பிறகு அளவு என்றும் சரிப்படாது. மாட்டும்போது கிழிந்த கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அதன் வழியே காற்று கசிந்தாலும் இதே தள்ளாட்டம் ஏற்படும்.

வேகத்தைத் திருத்தும் திருகாணியைத் தொடுவது இதற்குப் பிறகுதான். அதுவும் யந்திரம் நன்கு சூடேறிய பின்னரே செய்ய வேண்டும். அடைப்பை அப்படியே வைத்துக்கொண்டு திருகாணியை மட்டும் திருப்புவது, நோயைவிட்டு நோயாளியின் படுக்கையை மாற்றுவது போலாகும்.

இன்றைய பெட்ரோலும் மலையின் உயரமும்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு நமது நாட்டில் 2025-ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீர் மிகுதியாகச் சேர்ந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலும், எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாவதில்லை. அது எரியத் தேவையான காற்று குறைவாதலால், பழைய அளவில் அமைந்த கார்புரேட்டரில் பெட்ரோல் சற்றுக் குறைந்தது போன்ற நிலை உண்டாகின்றது. ஆகவே, பழைய யந்திரங்கள் குளிரில் முன்னைவிடச் சற்றுச் சிரமம் கொடுப்பது இயல்பே. எவ்வளவு எத்தனால் தகும் என்பதை யந்திரத்தின் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான விளைவு உயரத்தினால் ஏற்படுகின்றது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென அமைத்த யந்திரம் அங்கு பாரத்துடன் ஓடும்போது கரும்புகை விடலாம். காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தும் புகை நிற்கவில்லையெனில், சிறிய பிரதான ஜெட்டை மாட்டும்படி மெக்கானிக்கைக் கேட்கலாம்.

பொது யந்திரத்தின் பொறுப்பு

2017-18-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்படி, 100 விவசாயிகள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. அதைக்கொண்டு பல குழுக்கள் பண்ணை யந்திரங்களை வாங்கின. சொந்த யந்திரத்தைத் துடைத்து வைக்கும் விவசாயி, பொது யந்திரத்தை வேலை முடிந்தவுடன் அப்படியே விட்டுச் செல்வதைப் பல ஊர்களிலும் காணலாம். எல்லோருக்கும் உரிய பொருள் எவருடைய கவனத்துக்கும் உரியதல்லாமற் போவதே இதன் காரணம். மழைக்காலம் முழுவதும் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் அடுத்த பருவத்தின் முதல் நாளில் குழு முழுவதையும் காத்திருக்க வைக்கின்றது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குழுத் தலைவர்களும் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்யலாம். யந்திரத்துடன் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, எடுத்துச் சென்றவர் பெயர், தேதி, எண்ணெய் பார்த்தது, வடிகட்டி துடைத்தது, பெட்ரோலை வடித்தது ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்திடச் செய்யலாம். இரண்டு, மூன்று வாரங்களுக்கு வேலை இல்லையென்றால், காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும்வரை யந்திரத்தை ஓட்டவேண்டும். கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்தி எஞ்சியதையும் வடித்துவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் டாங்கியில் பெட்ரோலைத் தங்க விடலாகாது.

இந்த வேலைக்குப் பிடிக்கும் நேரம் சில நிமிஷங்களே. அதைச் செய்யாத ஊரில், உறைபனிக் காலையில் பத்துப் பேர் கைகட்டி நிற்பர். செய்த ஊரில், சூரியன் மேலே வருமுன் முதல் பாத்தி கிளறப்பட்டிருக்கும்.